நீலக் கோழிக்குப் பிறந்த வெள்ளைக் குஞ்சு

பரீட்சையில் தோற்றவனால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. தட்டுத் தடுமாறிப் பாஸானவன்தான் ஆபத்தானவன். நான் இண்டர்மீடியட்டில் உயிரியல் பாஸானவன். (எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.)

வெள்ளைக்காரர் காலத்தில் குன்னூரை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்குக் கிளார்க் வேலை. புதுசாகக் கல்யாணமாகி சரசுவோடு குடியேறியிருந்தேன். எங்கள் துரைசாணிக்குத் தேயிலையைக் கண்டால் கொட்டாவி வரும். கோழியைக் கண்டால் கண் விரியும். கப்பலில் வரவழைத்த ஒரு சேவலும் நாலைந்து பெட்டைகளும் பங்களாவில் இருந்தன. எல்லாம் மழைக்கு முந்தின வானம் மாதிரி சாம்பல் நீலம். ஊட்டியில் கோடையில் நடக்கும் கோழிக் கண்காட்சிக்கு அதே நிறத்தில் ஒரு கூட்டத்தையே ஓட்டிக்கொண்டு போய்ப் பரிசு வாங்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் கனவு.

"கிளார்க், நீ காலேஜ் படிச்சது. எல்லாக் குஞ்சும் நீலம் வருமா?" என்று கேட்டார்.

பட்டாணிச் செடியை வைத்து, தாய் தகப்பன் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று கல்லூரியில் ஒரு மத்தியானம் நடத்தினார்கள். தயிர்சாத மயக்கத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதி போதாதா?

"அப்பனும் நீலம், ஆத்தாளும் நீலம். நூற்றுக்கு நூறு நீலம்தான், மேடம். இது சயின்ஸ்!"

துரைசாணி நம்பிவிட்டார். குஞ்சு பொரித்ததும் பக்கத்து எஸ்டேட் சீமாட்டிகளை டீக்கு அழைத்து, அவர்கள் முன்னால் கூடையைத் திறந்தார். பாதிக் குஞ்சு நீலம். மீதியில் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை.

துரைசாணியின் பார்வை சமையல்காரர் மாரப்பன் மேல் திரும்பியது. அவர் வளர்த்த நாட்டுச் சேவல் கறுப்பு.

"ஏனுங்க, எஞ்சேவல் அந்தப் பக்கமே போகலீங்க! அது கூவறதுக்கே சோம்பல் படுமுங்க" என்று கதறினார் மாரப்பன்.

நான் நிபுணன் தோரணையில் தலையசைத்தேன். "கறுப்புக்கு அதுதான் காரணம், மேடம்."

"அப்ப வெள்ளைக்கு யாருங்க?" என்றார் மாரப்பன்.

"வெலிங்டன் பட்டாள முகாம் பக்கமிருந்து ஏதாவது வந்திருக்கும்" என்றேன். (மூன்று மலை தாண்டி ஒரு சேவல்!)

பாவம், மாரப்பனின் சேவல் கோத்தகிரியிலிருந்த அவர் மச்சினன் வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. அடுத்த ஈட்டு முட்டையும் பொரித்தது. அதே நீலம், அதே கறுப்பு, அதே வெள்ளை. நான் ஆபீஸை விட்டு வெளியே தலைகாட்டவில்லை.

சரசுதான் கேட்டாள்: "ஏனுங்க, நாடு கடத்துன சேவல் பெட்டைங்க கனவுல வந்து போச்சுங்களா?"

கடைசியில் துரைசாணி மனம் வெறுத்து, வளர்ந்திருந்த கறுப்பையும் வெள்ளையையும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அறுக்கச் சொல்லிவிட்டார். பங்களாத் தோட்டத்தில் ஊழியர்களுக்கெல்லாம் சாப்பாடு. மாரப்பன் கோபத்தையெல்லாம் மிளகில் காட்டியிருந்தார். குழம்பு அபாரம். நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தபோது, சீமையில் கோழி வளர்ப்புப் படித்துவிட்டு லீவில் வந்திருந்த துரைசாணியின் தம்பி கூண்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, இந்த நீலம் தனி நிறமே இல்லை. கறுப்பிலிருந்து ஒரு கூறு, வெள்ளையிலிருந்து ஒரு கூறு, இரண்டும் சேர்ந்த கலவை. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் அந்தக் கூறுகள் மறுபடி பிரிந்து, கால்வாசி கறுப்பு, கால்வாசி வெள்ளை வரத்தான் செய்யும். எல்லாமே நீலமாக வேண்டுமானால் சுலபம். கறுப்பையும் வெள்ளையையும் ஜோடி சேர்க்க வேண்டும். எங்கே அவை?"

துரைசாணி மெல்லத் திரும்பி என் தட்டைப் பார்த்தார். என் கையில் ஒரு தொடை இருந்தது. கறுப்பா வெள்ளையா என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது.

"எப்படி இருக்கு, சயின்ஸ்?" என்றார் துரைசாணி.

அதற்கப்புறம் அந்த எஸ்டேட்டை விட்டுப் போகும்வரை எனக்கு 'சயின்ஸ்' என்றுதான் பெயர். அடுத்த கோடையில் பரிசு வேறு யாருக்கோ போனது. விருந்துக்கு மறுநாளே கோத்தகிரிக்குப் போய் மாரப்பனின் சேவலை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நான். வழியெல்லாம் அது என்னைக் கொத்தியது. நியாயம்தான்.

இப்போது எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் சொந்தக்காரர்கள் கூடி, மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று ஆரம்பிப்பார்கள். நான் தொண்டையைக் கனைத்தால் போதும், சரசு ஒரு தட்டு நிறைய லட்டோடு வந்துவிடுவாள்.

"நீங்க மெதுவா சாப்பிடுங்க. கொழந்தை யாராட்டம்னு நாங்க பாத்துக்கறோம்."