இன்னும் ஒரு அரைத் திருகு

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நன்றாக இருக்கிற எதைப் பார்த்தாலும் இவர்களுக்குக் கை அரிக்கும். மின்விசிறி ஒழுங்காகச் சுற்றினால் ரெகுலேட்டரைத் தொடுவார்கள். சுவரில் படம் நேராகத் தொங்கினால் ஓர் ஓரத்தைத் தட்டுவார்கள், கோணலாகிவிட்டதே என்று மறு ஓரத்தைத் தட்டுவார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கினால் தலையணையைச் சரிசெய்து எழுப்பிவிடுவார்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்பவர் மெக்கானிக். சரியாக இருப்பதைச் சரிசெய்பவர் இவர். இந்த இனத்துக்கு அரைத்திருகர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆழ்வார்பேட்டை பிளாட்டில் கீழ்வீட்டு ஜவஹர் அண்ணாச்சி ஓர் அசல் அரைத்திருகர். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கடை வாசல் பொம்மைக்குக் கட்டிய புடவை மடிப்பை அவர் படுத்தும் பாட்டில் அந்தப் பொம்மையே ஒருநாள் வேலையை விட்டுப் போய்விடும். அது இருக்கட்டும். அவரிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருக்கிறது. படகு நீளம். கியர் தானாக மாறும். தானாக மாறுகிறது என்பதுதான் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கியர்பெட்டியின் பக்கவாட்டில் வாக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு சின்னத் தகர டப்பா உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு ஒரு ரப்பர் குழாய் வழியாக இதற்கு வரும். வண்டி மேட்டில் திணறுகிறதா, சும்மா உருள்கிறதா என்று அதை வைத்துக் கண்டுபிடித்து, இது கியர்பெட்டியிடம் கோள் சொல்லும். கோளைக் கேட்டுக் கியர் முந்தியோ பிந்தியோ மாறும். வகுப்பில் வாத்தியார் வாக்குவம், அதாவது வெற்றிடம், என்றபோதெல்லாம் என் தலையைச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன்; அதற்கு இப்படியும் ஒரு வேலை இருப்பது அண்ணாச்சி புண்ணியத்தில் தெரிந்தது.

பழைய டப்பா உள்ளே கிழிந்து, கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடித்து, கார் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு கொசுமருந்து வண்டிபோலத் தெருவைச் சுற்றியபோது, மெக்கானிக் ஷோயப் புதிதாக இரண்டு கொண்டுவந்தார். ஒன்று, அளவு வைத்தே மூடி வந்தது. மாட்டினால் முடிந்தது. மற்றதில், குழாய் செருகும் மூக்குக்குள்ளே ஒரு குட்டித் திருகு. அண்ணாச்சி எதை எடுத்தார் என்று சொல்லவும் வேண்டுமா? திருகு இல்லாத பொருளை அவர் பொருளாகவே மதிப்பதில்லை.

வலப்பக்கம் திருகினால் கியர் பிந்தி, முதுகில் குத்துவதுபோல மாறும். இடப்பக்கம் திருகினால் முந்தி, வழுக்கிக்கொண்டு மாறும். நடுவில் ஓரிடத்தில் மெத்தென்று மாறும். அந்த இடம் அண்ணாச்சிக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தெரியும். அடிக்கடி அதைத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்.

சோதனைக்கும் ஒரு முறை வைத்திருந்தார். மனைவி தங்கபுஷ்பம் அத்தை தளும்பத் தளும்பக் காபி டம்ளரோடு முன்சீட்டில் உட்கார வேண்டும். கார் மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றிவர வேண்டும். சிந்தினால் திருக வேண்டும். சிந்தாவிட்டால்? "இன்னும் ஒரு அரைத் திருகு போட்டா இன்னும் ஜோரா இருக்கும்லா?" அத்தையின் புடவைக் கறைகளை வரிசையாக அடுக்கினால் அந்தக் கியர்பெட்டியின் முழு வரலாறும் கிடைக்கும். "நல்லா கீது அண்ணாச்சி, உட்டுரு" என்று ஷோயப் காலில் விழாத குறை. அண்ணாச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இந்த நிலையில்தான் மகள் லாவண்யா அக்காவுக்கு ஏழாம் மாதம் வந்தது. அடையாற்றில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் தாய்வீடு வர வேண்டும். அப்பா காரில்தான் வருவேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். சம்பந்தியிடமோ கியரே இல்லாத புத்தம்புது மின்சாரக் கார் இருந்தது. அத்தை தீர்ப்பு சொன்னார்: "போகையில ஒரு சொட்டு சிந்திச்சுன்னாலும் புள்ள சம்பந்தி கார்லதான் வருவா. இந்த வண்டி காயலாங்கடைக்குப் போவும்." அண்ணாச்சி குழம்பில் உப்புப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டுத் திருகினார்.

வளைகாப்பன்று முன்சீட்டில் அத்தை காபி டம்ளரோடு, பின்சீட்டில் சீர்த்தட்டுகளோடு நானும் அம்மாவும் இருந்தோம். மந்தைவெளி சிக்னலில் நின்று கிளம்பினோம். அடையாற்றுப் பாலம் ஏறி இறங்கினோம். கியர் மாறியதா என்றே தெரியவில்லை. டம்ளரில் நுரை அசையவில்லை. அத்தை அந்த ஆறிய காபியைக் குடித்தே விட்டார். கண்ணாடியில் அண்ணாச்சியின் கண் ஈரமாகத் தெரிந்தது. ஒரு மனிதர் இதற்குமேல் என்ன கேட்க முடியும்?

அரைத் திருகு கேட்கலாம்.

பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருக்க, அண்ணாச்சி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காருக்கடியில் விரிக்கச் சம்பந்தியிடம் பழைய பேப்பர் கேட்டார். சட்டைப்பையில், டப்பாவின் மூக்குக்குள் நுழையும் மெல்லிய, நீளமான, மஞ்சள் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர். மகளுக்குத் திருநீறு பூசக் கூப்பிட்டார்கள். குனிந்து பூசினார். கீற்று கோணல் என்று தோன்றவே அழித்துவிட்டு மறுபடி பூசினார். அந்த இரண்டாம் பூச்சுக்கு ஆன நேரம் அக்காவுக்குப் போதும்.

அவர் வெளியே போய்ப் பையைத் தடவினார். டிக்கியில் தேடினார். சீட்டுக்கடியில் தேடினார். ஷோயபுக்குப் போன் போட்டார். அவர் பழைய பதிலையே சொன்னார். நான் அக்காவின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பூ ஜடைக்குள் மஞ்சள் கைப்பிடி எட்டிப் பார்த்தது.

"பாத்தியா?"

"எதைக்கா?" என்று கேட்டபடி ஒரு சரம் மல்லிகையை இழுத்து அதை மூடிவிட்டேன்.

திரும்பும்போது அக்கா ஜடையைப் பத்திரமாக முன்னால் போட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் கைவைத்து, பாலம் தாண்டுமுன் தூங்கிப்போனாள். வீட்டு வாசலில் அண்ணாச்சி பயந்து பயந்து திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இடிச்சுதா?"

அக்கா கண்ணைத் திறந்தாள். "கியர் மாத்தினீங்களாப்பா?"

அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். "இல்லம்மா. அதுவா மாறிச்சு."

இப்போது உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து எத்தனை முறை விசிறியைக் கூட்டிக் குறைத்தீர்கள்? முதுகுத் தலையணையை எத்தனை முறை நகர்த்தினீர்கள்? 'அதுவா மாறிச்சு' என்ற இடத்திலேயே முடித்திருந்தால் இன்னும் ஜோராக இருந்திருக்குமே என்று தோன்றுகிறதா? தோன்றினால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: ஸ்க்ரூடிரைவர் இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டாலும் தரமாட்டாள்.