பட்டாளத்துக்கு ஆள் எடுத்த காப்பிக் கடை

அழகுக்காக என்று வாங்கிச் சுவரில் மாட்டுகிற படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முக்கால்வாசிப் பேர் படிப்பதில்லை. நான் படித்தேன். படித்துவிட்டும் மாட்டினேன். அதுதான் என் லட்சணம்.

ஏற்காட்டில் காப்பிக் கடை திறந்த புதிது. சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களே என்று, வெள்ளைக்காரன் காலத்து யுத்த போஸ்டர் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். மீசை வைத்த சிப்பாய் விரலை நீட்டி, ‘பட்டாளத்தில் சேர்! உன் வீட்டைக் காப்பாற்று!’ என்கிறார். டேபிள் புக் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று கீழே என் போன் நம்பரையும் போட்டேன். (என்னே மூளை!) மாட்டிய இடம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்த வாசல் சுவர். ‘காப்பி பறிக்க ஆள் தேவை’ என்று எஸ்டேட்காரர்கள் நம்பரோடு நோட்டீஸ் ஒட்டுகிற அதே சுவர்.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

“நாளைக்கு வரலாங்களா?”

“தாராளமா! எத்தனை பேருங்க?”

“நாலு பேருங்க.”

“எட்டு மணிக்கு வந்துடுங்க, இடம் இருக்கு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாலு இளைஞர்கள் சர்ட்டிபிகேட் ஃபைலோடு, நெஞ்சை நிமிர்த்தி வரிசையாக நின்றார்கள். (நான் மெனு கார்டை நீட்டினேன்.) எனக்கு விஷயம் விளங்குவதற்குள் ஒரு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். மகன் பைக்கில் கிளம்பியதும் செம்மநத்தம் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் பின்னாலேயே வந்தவர். கையில் ஒரு பை கொய்யா.

“ஏனுங்க ஆபீசருங்க, கடைசியா நிக்கறானே, அவன் எம்பையனுங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தானுங்க. நெஞ்சு அகலம் பத்தலைன்னு சொல்லி ஊட்டுக்குத் தாட்டி உட்ருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

பையை என் கையில் திணித்தார்.

“அம்மா, நான் ஆபீசர் இல்லீங்க. இது சும்மா, அழகுக்கு மாட்டினதுங்க.”

அவர் போஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்.

“புள்ளைகளச் சண்டைக்குக் கூப்படறதுங்களா அழகு?”

அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் படத்தைப் பார்த்து நிஜமாகவே கிளம்பிப் போனவர்களுக்கும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டூல் போட்டு ஏறி, அவர்கள் கண்முன்னாலேயே கழற்றினேன். எல்லாருக்கும் டிபன் கொடுத்தேன். மகன் தட்டைத் தொடவில்லை. அம்மா இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

இன்றும் நான் காலண்டர் மாட்ட ஆணி எடுத்தால் போதும், “ஏனுங்க ஆபீசரே, இந்தத் தடவை எத்தனை பேர எடுக்கறீங்க?” என்பாள் என் மனைவி. வீடே சிரிக்கும்.

அந்த அம்மாவிடம் இன்னும் என் நம்பர் இருக்கிறது. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதாக எங்கே பேச்சு கிளம்பினாலும் கூப்பிடுவார். போன மாதமும் கூப்பிட்டார்.

“ஏனுங்க, இது நெசமுங்களா, அழகுக்குங்களா?”

விசாரித்துவிட்டு, “நெசந்தானுங்கம்மா” என்றேன்.