மாமி வைக்காத செய்வினை

கலியாணம் கட்டி வெளிநாட்டுக்கு வந்த புதிதில் செய்கிற முட்டாள்தனங்களுக்கு ஒரு பொது மன்னிப்பு உண்டு என்றுதான் நினைத்திருந்தேன். சோற்றைக் குழைய விடலாம். பிழையான பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பு வரை போகலாம். பனியில் வழுக்கி விழலாம். மூன்றையும் செய்தேன், ஒருவரும் இப்போது அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் வாசலில் மூன்று தீயணைப்பு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியதை மட்டும் சாகும்வரை மறக்கமாட்டோம் என்கிறார்கள். (நான் கூப்பிடவில்லை. அவை தாங்களாக வந்தவை.)

நான் மட்டக்களப்பு, கல்லடி. இவர் யாழ்ப்பாணம், பத்தொன்பது வயதிலேயே ரொறன்ரோ வந்தவர். பேசிச் செய்த கலியாணம். ஒரு நவம்பர் மாதம் மல்வேர்னில் வரிசை வீடாக இருக்கிற ரவுண்ஹவுசுக்கு வந்து இறங்கினேன். வீட்டில் மூன்று பேர்: இவர், இவருடைய அம்மாவான மாமி, நான்.

இவர் நல்ல மனுசர். மிசிசாகா பக்கம், விமான நிலையத்தில் பார்சல் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை. விடியப் போனால் பின்னேரம் மூன்று மணிக்கு வருவார். சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். கதைக்க மட்டும் மாட்டார். "ஓம்" ஒன்று, "இல்லை" ஒன்று. வந்த முதல் ஐந்து மாதத்தில் என்னிடம் சொன்ன மிக நீண்ட வசனம், "குளிருது, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போம்." அதைச் சொன்ன அன்று நான் அக்காவுக்கு போன் எடுத்துச் சொன்னேன் என்றால் பாருங்களேன்.

சாப்பிட்டு முடிந்ததும் நிலவறைக்கு இறங்கிப் போவார். அங்கே ஹீற்றர் இருக்கிற சின்ன அறையின் கதவு சாத்தப்படும். இரண்டு மணித்தியாலம் ஒரு சத்தமும் வராது. மேலே மாமி சீரியல் பார்ப்பா. மாமி சிரிக்கிற வகை இல்லை. நான் குசினி யன்னலில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டு, இந்த மனுசனுக்கு என்னைப் பிடிக்கவில்லை, இந்தக் கலியாணம் ஒட்டவில்லை என்று மனதுக்குள் அழுவேன். ஊரில் எல்லாரும் வந்து வாழ்த்தி அனுப்பிய கலியாணம். திரும்பிப் போய் எந்த முகத்தோடு நிற்பது? அந்தப் பயம்தான் என்னைக் குருடாக்கியது.

ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. இவர் வேலைக்குப் போய்விட்டார், மாமி கோயிலுக்கு. வீடு கூட்டலாம் என்று முதல்தடவையாக அந்த ஹீற்றர் அறைக்குள் போனேன்.

மேசையில் ஒரு விளக்கு. விளக்கடியில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. திறந்தால், உள்ளே வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு வளைந்த முட்கள். ஒவ்வொரு முள்ளிலும் சிவப்பு நூல், மயிலிறகு, சேவல் இறகு, ஏதோ மிருகத்தின் உரோமம், தங்கக் கம்பி எல்லாம் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு இரும்புக் கிடுக்கி. அதன் வாயில் இன்னொரு முள். அந்த முள்ளைச் சுற்றியிருந்தது ஒரு நீளமான கறுப்புத் தலைமயிர்.

மாமியின் தலை நரைத்துக் கழுத்தோடு நின்றுவிட்டது. இவருக்கு இருப்பதை எண்ணிவிடலாம். அந்த வீட்டில் இடுப்பு வரை கறுப்பாகத் தலைமயிர் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்.

(இடையில் ஒன்று சொல்லவேண்டும். வாவிக்கரையில் பிறந்தவளுக்குத் தூண்டில் முள் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கள் ஊர் முள் பெரிசு, அதில் இறால் குத்துவார்கள். முள்ளுக்குப் பட்டும் சரிகையும் உடுத்தி நான் எங்கேயும் காணவில்லை.)

உடனே படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் ஊரில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் கிளாக். மாந்திரீகத்தில் அவளுக்குள்ள தகுதி, பக்கத்து வீட்டில் ஒருமுறை செய்வினை எடுத்ததை மதிலுக்கு மேலால் பார்த்தது மட்டும்தான். அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"தொடாதகா! கையால தொடாத!"

"தொட்டுட்டன் அக்கா."

"எந்தக் கையால?"

"ரெண்டு கையாலயும்."

"அழிஞ்ச நீ! ஆருகா வச்சிருப்பா?"

"வீட்டில மூணு பேர்தானே. நான் வைக்கல்ல. அவர் வாயே திறக்கமாட்டார்."

"அப்ப மாமிதான். அதான் அந்த மனுசன் பேசாமக் கிடக்கான். வாயைக் கட்டியிருக்காகா!"

விசாரணை அவ்வளவுதான். (எங்கள் இரண்டு பேரையும் பொலிசில் சேர்த்திருந்தால் ஊரில் ஒருவரும் வெளியே இருந்திருக்கமாட்டார்கள்.) தீர்ப்பும் உடனே வந்தது. உப்பு, கடுகு, செத்தல் மிளகாய் எல்லாம் எடுத்து, தலையை மூன்று தரம் சுற்றி, அந்தப் பெட்டியோடு போட்டு எரிக்கவேண்டும். தலைமயிர் சுற்றியதை மட்டும் எரிக்கக்கூடாது, அது என் தலைக்கே வரும். அதை ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும்.

வெளியில் மழை. ஆகவே குசினியில், அலுமினியத் தட்டில் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொட்டி, நெய் ஊற்றிப் பற்றவைத்தேன். செத்தல் மிளகாயை ஒரு பிடி போடச் சொன்னாள் அக்கா. மாமியின் பலத்தை யோசித்து நான் முக்கால் பை போட்டேன்.

புகை எச்சரிக்கை மணி என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். எங்கள் வீட்டில் அடிக்க, சுவரோடு சுவராக இருந்த பக்கத்து வீடுகளிலும் அடித்தது, அங்கேயிருந்து யாரோ தீயணைப்புக்குப் போன் எடுத்துவிட்டார்கள். நான் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்துவிட்டு, கண்ணும் மூக்கும் ஒழுக வாசலைத் திறக்கவும் வண்டிகள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மலைபோல நான்கு பேர் உள்ளே வந்தார்கள். முகமூடியைக் கழற்றியதும் நான்கு பேரும் தும்மத் தொடங்கினார்கள்.

அவர்களில் மூத்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன எரிந்தது என்று கேட்டார். முழு வசனமாகப் பதில் சொல்லவேண்டும் என்று ஆங்கில வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். சொன்னேன்.

"திஸ் இஸ் பிளாக் மஜிக். மை மதர் இன் லோ டிட் இட்."

அவர் கையில் ஒரு படிவமும் பேனாவும் இருந்தது. எழுதுவதா விடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குனிந்து சாம்பலை விரலால் கிண்டி, பாதி கருகிய முள் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். "ஓ நோ," என்றார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் "ஓ நோ." மூத்தவர் தலைக்கவசத்தையும் கழற்றிவிட்டார். (செத்தவீட்டில்தான் நான் ஆட்கள் அப்படி நின்று பார்த்திருக்கிறேன்.)

பிறகு எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஆறுதலாக, பாதி வாயாலும் பாதி கையாலும் சொன்னார். இது மந்திரம் இல்லை, பூச்சி. வசந்த காலத்தில் மலை ஆறுகளில் பூச்சிகள் பொரித்துத் தண்ணீருக்கு மேலே வரும். ட்ரவுட் என்கிற மீன் அதைச் சாப்பிடும். அந்தப் பூச்சியைப் போலவே முள்ளில் இறகைக் கட்டி, நூலை வீசி அந்த மீனை ஏமாற்றுவது. யாரோ பனிக்காலம் முழுக்க இருந்து கட்டியிருக்கிறார்கள். நாளைக்குத்தான் ட்ரவுட் பிடிக்கிற பருவம் தொடங்குகிறது.

"இதை யார் கட்டியது?"

"மை ஹஸ்பண்ட்."

"ஹி இஸ் வெரி குட்," என்றார் அவர்.

கனடாவில் என் கணவரை ஒருவர் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அப்போது நான் கரண்டியும் கையுமாக அவருடைய சாம்பலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவர்கள் யன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று மணிக்கு இவர் வந்தார். மணத்தை மணந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இப்போது கத்தப்போகிறார், நாளைக்கு என்னை விமானத்தில் ஏற்றப்போகிறார் என்று நின்றேன்.

"கை சுட்டுப்போட்டுதோ?" என்றார்.

அவ்வளவுதான். நான் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினேன். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா, உப்பு, கடுகு, மாமி உட்பட. கடைசிச் சொல்லைச் சொல்லும்போது, மாமி திருநீற்றுப் பூச்சோடு எனக்குப் பின்னால் நின்றா.

"நானோ? நானோ செய்வினை வைச்சனான்?" மாமி கைப்பையைக் கதிரையில் எறிந்தா. "எனக்கு உதெல்லாம் செய்யத் தெரிஞ்சிருந்தால், முதல்ல உவனை நாலு வார்த்தை கதைக்க வைச்சிருப்பன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தா. ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துச் சிரித்து மிளகாய்க் காரம் தொண்டைக்குள் போய், நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு மாமியே குற்றத்தின் மற்றப் பாதியை ஒப்புக்கொண்டா. "மீன் பிடிக்கிறதைச் சொல்லாத எண்டு நான்தான் இவனுக்குச் சொன்னனான், பிள்ளை. உவன் பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்தில விடுற விசரன். நீர் மீன் திண்டு வளந்த மட்டக்களப்பு. கேள்விப்பட்டால் அடுத்த பிளேனிலயே போயிடுவீர் எண்டு பயந்தன்."

உண்மையில் போயிருப்பேன்.

என் கைப்பையில் ரிசுப் பேப்பரில் சுற்றி வைத்திருந்த தலைமயிர் முள்ளை அப்போதுதான் எடுத்து நீட்டினேன். "இது ஒண்டுதான் மிஞ்சியிருக்கு. இத ஓடுற தண்ணில விடச் சொன்னா அக்கா." இவர் அதை வாங்கினார். காது இரண்டும் சிவந்தது. "நாளைக்கு விடுவம்," என்றார்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேருமாகக் கலிடன் மலைப்பக்கம் போனோம். மரங்களில் இன்னும் இலை வரவில்லை, நிழலான இடங்களில் பனி கிடந்தது. எனக்கு இவருடைய பழைய றப்பர் காற்சட்டை. அது நெஞ்சு வரை வரும் என்றார், எனக்குத் தாடை வரை வந்தது. ஆற்றில் கால் வைத்த இரண்டாவது நிமிடம் கல்லில் வழுக்கி இருந்துவிட்டேன். ஐயோ, அந்தக் குளிர்! பிள்ளையாரைக் கூப்பிட வாய் திறந்தேன், சத்தமே வரவில்லை. இவர் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்தக் கையை நான் லேசில் விடவில்லை. ஆகவே அன்று அவர் பாதி நேரம் ஒற்றைக் கையாலேயே மீன் பிடித்தார்.

இருந்தது என் தலைமயிர் சுற்றிய ஒரேயொரு பூச்சி. மூன்றாம் வீச்சில் அது பின்னாலிருந்த மரத்தில் போய்ச் சிக்கியது. "விடுங்க, கடையில வாங்கலாம்," என்றேன். கேட்கவில்லை. அந்தக் கனத்த உடுப்போடு மரத்தில் ஏறினார். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, அதைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். எனக்கு அப்போதே ஏதோ விளங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒரு மீன் அதைக் கவ்வியது. ஒரு சாண் இருக்கும், உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. கையை நனைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் விட்டார்.

"ஐயோ! விட்டுட்டீங்களே!" என்னையறியாமல் கத்திவிட்டேன். மனதுக்குள் நான் குழம்புக்குப் பழப்புளி கரைத்து முடித்திருந்தேன்.

அவர் தூண்டில் நூலை இழுத்து எடுத்தார். பிறகு கதைத்தார்.

"நான் வந்த முதல் விண்டர் பார்க்டேலில ஒரு அறையில ஆறு பேர். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் ஊரில என்ன நடந்தது எண்டு கேப்பினம். எனக்குச் சொல்லேலாது. வேலையில ஒரு வெள்ளைக்காரன் என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தான். தண்ணிக்குள்ள நிண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். அப்பிடியே கதைக்கிறது விட்டுப்போச்சுது. நீர் வந்தாப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலையால வரேக்க உம்மோட கதைக்கோணும் எண்டு யோசிச்சுக்கொண்டு வருவன். வீட்டுக்க வந்தால் ஒண்டும் வராது. கீழ போய்ப் பூச்சி கட்டுவன்."

நான் மூச்சுக்கூட விடவில்லை. விட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"என்ர தலைமயிரை ஏன் எடுத்தீங்க?"

"குளிச்சுப்போட்டுச் சீப்பில விட்டுட்டுப் போவீர். குப்பையில போட எனக்கு மனம் வரேல்லை."

இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று அழுதேன். கால் இரண்டும் விறைத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் அழுததில்லை.

இது நடந்து பதினொரு வருடம். மாமி இப்போது கதையை மாற்றிவிட்டா. பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கே நாலு பேர் கூடினாலும், சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வரும்போது தொடங்குவா. "பயர் ட்ரக் பார்ட்டை முதல்ல சொல்லுங்கோ, அப்பம்மா," என்பாள் எங்கள் மகள். வண்டி வந்து, நான்கு பேரும் தும்மி முடிந்ததும், மாமி குரலைத் தாழ்த்துவா.

"செய்வினை இருந்தது உண்மை. ஆனால் வைச்சது நானில்லை, உவள்தான்! ஒரு தலைமயிரால என்ர பெடியனைக் கட்டிப்போட்டாள். வாய் திறக்காமல் இருந்தவன், இப்ப நிப்பாட்டு எண்டாலும் நிப்பாட்டுறானில்லை."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் "சும்மா இருங்க மாமி," என்று கோப்பைகளை எடுக்கத் தொடங்குவேன். புதிதாக வந்த யாராவது ஒருவர் எப்போதும் இவர் பக்கம் திரும்பி, "உண்மையோ அண்ணை?" என்று கேட்பார்.

"ஓம்," என்பார் இவர். "இன்னும் அவிழேல்லை."