கொக்குக்கு ஒரு பேனர்

பேனரில் கொக்கு இருந்தது, பிரான்சிஸ் இல்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறடிக்கு நாலடியில் ரசாக் தானே வடிவமைத்து, தன் கடை மெஷினிலேயே அச்சடித்து, செம்பாறைக் குளத்துக் கரையில் அன்று காலையில்தான் கட்டிவிட்டு வந்திருந்தார். 'தூரதேசத்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். சத்தம் வேண்டாம், வெடி வேண்டாம்' என்று இரண்டே வரி. பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு கொக்கு. மத்தியானத்துக்குள் குளப் பாதுகாப்புக் குழுத் தலைவர் பிரான்சிஸ் கடைக்கு வந்தார். பேனர் நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா தலைவரே?" என்று ரசாக் கேட்டார்.

"எனக்கொன்னும் இல்லீங்க பாய். சனங்கதான், கொக்கே வந்து கட்டிக்கிச்சான்னு கேக்கறாங்க."

ரசாக்குக்குப் புரிந்துவிட்டது. உக்கடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிளக்ஸ் கடை நடத்துகிறவர். காதுகுத்திலிருந்து கருமாதி வரைக்கும் அவர் அச்சடிக்காத முகம் அந்த வட்டாரத்தில் இல்லை. இன்னும் கொஞ்சம் சிவப்பாக, இன்னும் கொஞ்சம் முடியோடு, இன்னும் கொஞ்சம் பெரிதாக என்று கேட்டுக் கேட்டு அவருக்கு மனித முகத்தின்மேலேயே ஒரு சலிப்பு தட்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் இந்தக் கொக்குகள் வந்தன. கார்த்திகை மாதம் ஒருநாள் மதுக்கரைப் பக்கம் பேனர் கட்டப் போனவர், வழியில் குளத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். இருபத்திமூன்று பறவைகள், இடுப்பு உயரம். சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, காதோரம் வெள்ளையாக ஒரு மயிர்க்கற்றை. தினமும் அங்கே வந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்த கல்லூரி ஆசிரியை ஹரிதா விவரம் சொன்னாள். இமயமலையைத் தாண்டி வருகிற பெருங்கொக்குகளாம். இந்தப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வமாம். மாசி வரைக்கும் நிம்மதியாக இருந்துவிட்டுப் போனால் அடுத்த வருஷமும் வரலாமாம், விரட்டிவிட்டால் அவ்வளவுதானாம். இத்தனை தூரம் பறந்து வந்தும் தன் படத்தைப் போடு என்று கேட்காத ஜீவன்கள் என்று ரசாக்குக்கு அவற்றின்மேல் அப்படியொரு பிரியம் வந்துவிட்டது.

ஆபத்து பக்கத்திலேயே இருந்தது. குளத்தை ஒட்டிக் கருப்புசாமியின் கடலைக்காடு. விதைத்த கடலையைக் கொக்குகள் தினமும் காலையில் போய்க் கிளறித் தின்றன. அவர் கெட்டவர் இல்லை. ஒரே காட்டை இரண்டு தடவை விதைத்தவர், அவ்வளவுதான். பெரிய பெரிய வெடியாக வாங்கிப் போட்டுப் பார்த்தார். கொக்குகள் எழும்பி, ஒரு வட்டம் அடித்துவிட்டு, விட்ட இடத்திலேயே வந்து இறங்கின. பொங்கல் வரைக்கும் பார்ப்பேன், அதற்கப்புறம் சோளத்தில் மருந்து கலந்து வைத்துவிடுவேன் என்று ஹரிதாவிடம் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள் என்று ஊரில் பெயர். பொங்கலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஊரே சேர்ந்து கொக்குகளைக் கொண்டாட ஆரம்பித்துவிட்டால் ஒற்றை ஆள் மருந்து வைக்கக் கூசுவார் என்பது ரசாக்கின் கணக்கு. அதற்குத்தான் பேனர். ஆகவே ஊர் வேண்டும், ஊர் வேண்டுமென்றால் பிரான்சிஸ் வேண்டும். ஓர் ஓரமாகத் தலைவரின் படத்தைச் சேர்த்து, பேனரைப் பத்தடி ஆக்கிக் கட்டினார்.

மறுநாள் செயலாளர் வந்தார். செயலாளரைப் போட்டதும் பொருளாளர் வந்தார். குளக்கரையில் விடிகாலையில் நடக்கிறவர்களின் நடைப்பயிற்சிக் கழகம் ஒன்று உண்டு. நடக்கிற கரையே எங்களுடையது, நாங்கள் இல்லாமல் என்ன கொக்கு என்று அவர்கள் பதினெட்டுப் பேரும் ஒரே மாதிரி வெள்ளை பனியனில் எடுத்த படத்தை அனுப்பினார்கள். குளத்தைத் தூர்வாரிய முன்னாள் தலைவரை மறந்துவிட்டீர்களே என்று அவர் மகன் வந்து கண்கலங்கினார். செத்துப்போனவரை ஓரத்தில் போட முடியாது. அவரை மேகத்துக்கு நடுவில் பெரிதாக வைத்தார் ரசாக். பேனர் இருபது அடியைத் தாண்டியது. இடம் பற்றாமல் ஒவ்வொரு தடவையும் கொக்குதான் விட்டுக்கொடுத்தது. கடைசியில் அது தீப்பெட்டி அளவுக்கு வந்து, பொருளாளரின் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி மெஹராஜ், காய்வதற்காகத் தொங்கிய பேனரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டாள்.

பேனர் ஏறிய இரண்டாம் நாள் ஹரிதா போன் செய்தாள். பேனரில் இருக்கிறவர்கள் தங்கள் படத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு குளத்துக்கு வருகிறார்களாம். பேனருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்களாம். ஒரு பானிபூரி வண்டியும் வந்துவிட்டதாம். இந்தக் கூட்டத்துக்குப் பயந்து கொக்குகள் எதிர்க்கரைக்குப் போய்விட்டன என்றாள்.

ரசாக் இதைப் பிரான்சிஸிடம் சொன்னார். பிரான்சிஸ் யோசித்துவிட்டு, அப்படியானால் எதிர்க்கரையில் பாதுகாப்பு போதவில்லை என்று முடிவு செய்தார். அன்று மாலையே எதிர்க்கரையிலும் ஒரு பேனர் ஏறியது. அதற்கும் கூட்டம் வந்தது. கொக்குகள் மூன்றாவது பக்கம் போயின. மூன்றாவது பக்கத்தில் நடைப்பயிற்சிக் கழகம் தனியாகவே ஒன்று கட்டியது. அதில் கொக்கே இல்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது குளத்தில் ஒரு கொக்கும் இல்லை. இருபத்திமூன்றும் பொழுது விடிந்ததும் நேராகக் கருப்புசாமியின் காட்டில் இறங்கி, பொழுது சாய்கிறவரைக்கும் அங்கேயே கிடந்தன. இருட்டினால் எங்கோ அணைப்பக்கம் போய்த் தங்கின. முன்பு காலையில் மட்டும் தின்றதை இப்போது முழுநேர வேலையாகவே செய்தன.

ரசாக் ஓடினார். வரப்பில் உட்கார்ந்திருந்த கருப்புசாமி எழுந்து மரியாதையாக வரவேற்றார். அவர் மனைவி சின்னாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மோரைக் குடித்துவிட்டு ரசாக் கெஞ்சினார். கருப்புசாமி குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க நல்லவங்க பாய். ஆனா உங்க விருந்தாளிக்கு எங்காட்டுலதானுங்க சோறு. மருந்து வாங்கியாச்சுங்க. இனிப் பொங்கல் வரைக்கும் பொறுக்க முடியாதுங்க, நாளன்னிக்கே வெச்சுப்போடுவேன்."

மோட்டார் அறையில் அந்த டப்பாவை ரசாக் கண்ணாலேயே பார்த்தார். வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, பாவி மனுசா, ஆறடிப் பேனரோடு நிறுத்தியிருந்தால் அவை குளத்திலேயே இருந்திருக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அவற்றைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, சாவுக்குத் தானே வழிகாட்டி அனுப்பியதுபோல ஆகிவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு போன மெஹராஜிடம், இந்த ஊரில் படம் வேண்டாம் என்று சொன்ன ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை என்று புலம்பினார். புலம்பி முடிக்கும்போதே எழுந்து நின்றுவிட்டார். எல்லோர் படத்தையும் போட்டாயிற்று, கருப்புசாமியின் படத்தைப் போடவில்லையே. கொக்கைக் காத்தவர் என்று நாற்பது அடியில் போட்டுவிட்டால், அதற்குக் கீழேயே நின்று எந்த மனிதன் மருந்து வைப்பான்?

புதிதாகச் சட்டம் அடிக்க நேரமில்லை. குளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மூன்று பேனர்களையும் கழற்றி, அந்த மரச்சட்டங்களையே எடுத்துக்கொண்டார். பிரான்சிஸிடம் புதுப் பேனரில் நீங்களும் இருப்பீர்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. ரேஷன் கடைத் திறப்பு விழாப் படம் ஒன்றிலிருந்து கருப்புசாமியின் முகத்தை வெட்டியெடுத்தார். நல்ல முறுக்கு மீசை. வெயிலைப் பார்த்து முறைத்தபடி எடுத்த படம். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கி, பல்லை வெளுப்பாக்கி, மாட்டுவண்டி உயரத்துக்கு அந்த முகத்தை வைத்து, 'கொக்கு காத்த கொடைவள்ளலே!' என்று மேலே போட்டார். மற்றவர்கள் காலடியில் வரிசையாக வந்தார்கள். மறுநாள் பொழுது சாய்ந்து கொக்குகள் போனபிறகு, கருப்புசாமி சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, காட்டின் நடுவில் நட்டுவிட்டு வந்தார்.

விடிந்ததும் ஹரிதா போன் செய்தாள். அவள் குரலே மாறியிருந்தது.

"ரசாக்ணா, இருபத்திமூனும் குளத்துல இருக்குதுங்க. கரையில ஒரு ஆளில்ல, பானிபூரி வண்டியில்ல. அதான் வந்துருச்சுங்க போல."

அந்தாண்டை அறுத்துப்போட்ட சோளக்காட்டில் சிந்திய மணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, திரும்பவும் தண்ணீருக்கே வருகின்றன, யாருக்கும் தொந்தரவில்லை என்றாள். ரசாக்குக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் பாதி நிம்மதிதான். டப்பா மோட்டார் அறையில் அப்படியே இருக்கிறதே.

பதினோரு மணிக்குக் கடை வாசலில் மொபெட் வந்து நின்றது. கருப்புசாமி இறங்கினார், பின்னால் சின்னாத்தாள். ரசாக் எழுந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மனிதனின் காட்டில் நாற்பது அடிப் பேனருக்குக் குழி தோண்டியதற்குச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

கருப்புசாமி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறார்களாம். சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்ததாம். ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு மரியாதையை யாரும் தனக்குச் செய்ததில்லையாம்.

"மருந்து டப்பாவக் கடைக்காரருகிட்டயே திருப்பிக் குடுத்துப்போட்டேனுங்க. கொடைவள்ளல்னு பேரு வாங்கிப்போட்டு அந்தப் பாவத்தச் செய்வனுங்களா? நானிருக்கற வரைக்கும் ஒரு கொக்குக்கும் ஒன்னும் ஆவாதுங்க."

சொல்லிவிட்டு, மீசையைத் தடவியபடி மொபெட்டை எடுக்க வெளியே போனார். ரசாக் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் ஒரு முகம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று நினைத்தார். அடுத்த வருஷமும் அவை வரும், வண்டியை நிறுத்திப் பார்க்கலாம்.

சின்னாத்தாள் மட்டும் போகவில்லை. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு, மேஜைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வெடிக்கெல்லாம் அசையாத கொக்குக பாய், இன்னிக்கு விடியக்காலைல எறங்க வந்து, பேனருல எங்கூட்டுக்காரரப் பாத்ததும் அந்தரத்துலயே திரும்பிப் பறந்துருச்சுங்க, காரமடையில எங்கண்ணன் காட்டுல மயில் தொந்தரவு தாங்கல, அவருக்கும் இதே மாதிரி ஒன்னு அடிச்சுக் குடுங்க, எழுத்தொன்னும் வேண்டாம், மூஞ்சி மட்டும் போதுமுங்க."