காருக்குத் தொண்டை திறந்த சாமி

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் போகும் சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அங்கே கல்யாண மண்டபமும் இல்லை, புது பிரியாணிக் கடையும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ‘வாயு பீடம்’ என்று பிளெக்ஸ். உள்ளே ஆனந்தராஜ் சாமி கார்களுக்குத் தொண்டை திறந்துகொண்டிருப்பார்.

மனிதர்களுக்கு அருள் கொடுக்கும் தொழிலில் போட்டி அதிகமாகிவிட்டது. அதனால் இவர் கார்களுக்குக் கொடுத்தார். அதில் ஒரு வசதி, ஏமாந்தாலும் கார் வெளியே சொல்லாது.

அதிலும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்த கார்கள்தான் அவருடைய பக்தகோடிகள். எஞ்சினுக்குள் காற்று போக ஒரு கதவு உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்தக் கதவு திறக்கும். மெக்கானிக்குகள் அதை த்ராட்டில் பாடி என்பார்கள். சாமி தொண்டை என்பார்.

“கம்பெனிக்காரன் கொழந்தையோட தொண்டைய நெரிச்சு அனுப்பிட்டான். பாவம், மூச்சு வுட முடியாம தவிக்குது!” என்று பானட்டைத் தடவிக் கண்கலங்குவார். பிறகு பழையதைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ வரவழைத்த மிக அகலமான ஒன்றைப் பொருத்துவார். மேலே ஒரு செப்புத் தகடு. தகட்டில் ஒரு சக்கரம்.

அடுத்தது தரிசனம். கார்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் பெருவிரலால் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட வேண்டும். தொட்டதும் கார் துள்ளும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஒரே ஒரு விதி. “முழுசா மட்டும் மிதிச்சுடாதீங்க. வாயு கோவிச்சுக்குவாரு.”

தொண்டை திறந்த கார்கள் நின்ற இடத்திலேயே உர்ர்ர், உர்ர்ர் என்று ஏறி இறங்கின. கேட்டால் “பிராணாயாமம்” என்றார் சாமி. நடுரோட்டில் அணைந்துபோயின. அது சமாதியாம்.

கோதண்டபாணி இந்தப் பெருமையில் மயங்கியவர். பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை வைத்திருப்பவர். கணக்கில் கெட்டி, சூளைச் சூட்டைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் சாமி என்று யாராவது சொல்லிவிட்டால் மூளையைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுவார். காருக்குத் தொண்டை திறந்துகொண்டு வந்தவர், மனைவி பூர்ணிமாவிடம், “இப்ப ஏரோபிளேன் மாதிரி இருக்குது” என்றார்.

அடுத்த வாரமே அது பறந்தது, பின்பக்கமாக.

பட்டறை முற்றத்தில் காரை ரிவர்ஸ் எடுத்தார். பெருவிரலைத்தான் வைத்தார். கார் எகிறிப் போய், நவராத்திரிக்காக அடுக்கியிருந்த பொம்மைத் தட்டுகளில் மோதியது. தசாவதாரம் செட் செட்டாக நொறுங்கியது. வராகர் மட்டும் மூக்கோடு தப்பினார். தட்டு ஓரம் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த பூவாயி ஒரே தாவாகத் தாவியதால், முழங்கைத் தோல் உரிந்ததோடு பிழைத்தார்.

கோதண்டபாணி சாமியிடம் ஓடினார். சாமி கண்ணை மூடினார்.

“பின்னால யாரு இருந்தாங்க?”

“பூவாயின்னு, வேலைக்கு வர்ற அம்மாங்க சாமி.”

“புருசன் இருக்காரா?”

“இல்லீங்க. தவறிட்டாரு.”

“அதான்! எதிர்ப்பார்வை. அந்தம்மா இருக்கிற எடத்துல வாயு நிக்க மாட்டாரு. அவங்கள அனுப்பிடுங்க. வர்ற வெள்ளிக்கெழம வாங்க, இன்னும் பெரிய தொண்டையா வெச்சுடலாம்.”

கோதண்டபாணி திரும்பி வந்து, தரையைப் பார்த்தபடி, சாமி சொன்னதைச் சொல்லி, பூவாயியிடம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பூவாயி கையிலிருந்த வண்ணத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ் ஏறிவிட்டார்.

செய்தி தெரிந்ததும் பூர்ணிமாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஏங்க, காரை ஓட்டுனது நீங்க. மிதிச்சது நீங்க. தோஷம் மட்டும் பூவாயக்காவுக்கா?”

“சாமியே சொல்லிட்டாரு பூர்ணிமா...”

“சாவியக் குடுங்க.”

காரை எடுத்துக்கொண்டு ஆளில்லாத சாலைக்குப் போனார். லேசாகத் தொட்டார், கார் குதித்தது. பாதி மிதித்தார், ஓடியது. முழுக்க மிதித்தார். வாயு பகவான் கோபிக்கவில்லை. ஆனால் புதிதாக ஒன்றும் தரவுமில்லை. பாதி மிதியில் இருந்த அதே வேகம்தான். முழுசாக மிதிக்காதே என்று சாமி ஏன் கெஞ்சுகிறார் என்பது பூர்ணிமாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை கணவனையும் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வரிசையில் முதலில் நின்றது ஜெயராஜ் என்பவரின் கார். பார்சல் ஆபீஸ் வைத்திருப்பவர். அதே மாடல், அதே வருடம். தொண்டை இன்னும் திறக்காதது.

“அண்ணே, உங்க வண்டியும் எங்க வண்டியும் ஒண்ணு. எங்களுதுக்குத் தொண்டை பெருசு. முழுசா மிதிச்சு ஓட்டிப் பாப்போமா? எது ஜெயிக்குதுன்னு பாத்துட்டு நீங்க திறந்துக்கிடுங்க.”

சாமி பதறினார். “முழுசா மிதிக்கக் கூடாதும்மா! கோவம் வரும்!”

“வந்தா எம்மேல வரட்டுங்க சாமி.”

வேடிக்கை என்றால் நம் மக்கள் பக்தியைக்கூடக் கொஞ்ச நேரம் ஒத்திவைப்பார்கள். கொட்டகைக்குப் பின்னால் மனை பிரித்து, தார் ரோடு போட்டு, இன்னும் ஒரு வீடுகூட வராத இடம் இருந்தது. கூட்டம் ஓரமாக நின்றது. இரண்டு கார்களும் ஒன்றாகப் புறப்பட்டன, ஒன்றாகவே எல்லையைத் தொட்டன.

“அம்மாவோட ராசி சரியில்ல” என்றார் சாமி.

“அப்ப வண்டிய மாத்திக்கிறோம்” என்றார் ஜெயராஜ்.

மாற்றிக்கொண்டார்கள். எல்லை நெருங்கும்வரை இந்த முறையும் தோளோடு தோள்தான். நெருங்கிய சமயம் கோதண்டபாணியின் காரிலிருந்து ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். கார் முனகிக்கொண்டே நின்றது. பானட்டைத் திறந்தால், அளவு பொருந்தாத தொண்டையில் இழுத்து மாட்டியிருந்த ரப்பர் குழாய் கழன்று தொங்கியது.

“சாமி, வாயு பிரிஞ்சிடுச்சு!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“அப்ப தொட்டதும் துள்ளுச்சே, அது பொய்யா?” என்று கேட்டார் கோதண்டபாணி, பரிதாபமாக.

“பொய்யில்லீங்க” என்றார் பூர்ணிமா. “நம்ம பட்டறையில பொம்மைக்குப் பளபளப்பு ஏத்த கிளேஸ் அடிக்கிறோமே, அந்த ஸ்ப்ரே துப்பாக்கிக்குப் பெரிய வாய் போட்டுப் பாத்தோமில்ல? தொட்டாலே பீச்சி அடிச்சுது. அதுக்காக கம்ப்ரஸர் கூடக் காத்து குடுத்துச்சா? முழுசா அழுத்துனா அதே காத்துதான். கார்ல டர்போதான் கம்ப்ரஸர். அது குடுக்குற காத்து போறதுக்குப் பழைய கதவே தாராளம். கதவைப் பெருசாக்குனா, மெதுவாப் போற எடத்துல கார் உங்க பேச்சைக் கேக்காது. அவ்ளோதான் அருள்.”

சாமி ஓசைப்படாமல் தன் காரை நோக்கி நகர்ந்தார். அதுவும் டர்போ கார்தான். ஜெயராஜ் வழி மறித்தார்.

“சாமி, உங்க வண்டித் தொண்டை எம்மாம் பெருசுன்னு ஒரு தடவ தரிசனம் பண்ணிக்கிறோமே.”

“அது... பூஜைல இருக்குதுப்பா.”

பானட் திறக்கப்பட்டது. உள்ளே கம்பெனிக்காரன் நெரித்து அனுப்பிய அதே சின்னத் தொண்டை. செப்புத் தகடுகூட இல்லை.

“எனக்கு ஒத்துக்காதுப்பா” என்று முணுமுணுத்தார் சாமி. “டவுனுக்குள்ள ஓட்டும்போது தூக்கித் தூக்கி அடிக்கும்.”

கூட்டம் விடவில்லை. அன்று முதல் சாமி ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு காருக்கும் பழைய தொண்டையைத் திரும்ப மாட்டிக்கொடுத்தார். வாழ்நாளில் அவர் செய்த உருப்படியான முதல் திருப்பணி அது.

கோதண்டபாணி கம்மாபுரத்துக்குப் போனார். பூவாயி வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“தப்பு பண்ணிட்டேம்மா. என் கண்ணுதான் சரியில்ல. வேலைக்கு வந்துடுங்க.”

பூவாயி கையிலிருந்த துணியை உதறினார்.

“எம்பார்வைக்கு அம்மாஞ் சக்தி இருந்தா, மொதலாளி, நெலக்கரிச் சுரங்கத்துக்கு எங்க நெலத்த அளக்க வந்தாங்களே, அப்பவே ஒரு பார்வை பாத்துத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேனா?”

அடுத்த பஸ்ஸுக்குப் பூவாயி வந்துவிட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல்.

வாயு பீடத்தின் பிளெக்ஸ் இறங்கிவிட்டது. வேறு பெயரில், வேறு ஊரில் இன்னொன்று ஏறாமலா போகும்? ஏறட்டும். எந்தச் சாமியாவது உங்களிடம் ‘இதை மட்டும் செய்து பார்த்துவிடாதே’ என்று சொன்னால், மறக்காமல் அதை முதலில் செய்து பாருங்கள்.