தெலுங்குப் பலகையும் மஞ்சள் சொக்காவும்

சத்தியவேடு முக்கூட்டில் இருந்த ஒரு தெலுங்குப் பலகையை வேண்டுமென்றே தவறாகப் படித்துச் சொன்னவன் நான். தெலுங்கு தெரியாமல் நேர்ந்த பிழை அல்ல. நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். காரணம் பொறாமை. அதற்கு இன்னும் கௌரவமான பெயர் ஏதாவது உண்டா என்று இத்தனை வருடம் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

பொறாமை யார் மீது என்றால், மணவாள நகரில் பழைய பேப்பர் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் மீது. அவரைப்போல் இன்னொருவர் இந்த ஜில்லாவில் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் சாலைகள் தாங்கியிருக்காது. அவருடைய பெயரை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. ஊருக்கு அவர் 'மஞ்சச் சொக்கா'.

அப்போது அறுபதுகளின் கடைசி. நான் திருவள்ளூரில் சரித்திர வாத்தியார். என்னிடம் டைனமோ வைத்த சீமை சைக்கிள் இருந்தது. ஊரிலேயே வேகமாக ஓட்டுகிறவன் நான்தான் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் செவ்வாப்பேட்டை ரோட்டில், தலைக்கு மேல் உயர்ந்த பேப்பர் மூட்டையோடு ஓர் ஓட்டைச் சைக்கிள் என்னைக் கடந்து போனது. ஓட்டியவர் பாடிக்கொண்டே போனார். நான் மூச்சே விட முடியாமல் போனேன்.

நான் வீடு சேருவதற்குள் செய்தி சேர்ந்திருந்தது. "பேப்பர்காரரு மூட்டையோட போயே உங்கள முந்திட்டாராமே?" என்றாள் என் மனைவி. "நீங்க வெறுங்கையோடதானே போயிருப்பீங்க?" அன்றிரவு ரசத்தில் உப்பில்லை என்று நான் குறை சொன்னேன். உப்பு இருந்தது.

ஒருமுறை அவர் மூட்டையில் வெளிநாட்டுப் படப் பத்திரிகை ஒன்று வந்து விழுந்தது. நேராக என்னிடம் கொண்டுவந்தார்.

"சார், இதுல இன்னா போட்டுக்குது?"

படித்துச் சொன்னேன். பிரான்சில் ஊர் ஊராக, நாள் நாளாக ஓட்டும் பந்தயம். தினமும் முதலில் வர வேண்டுமென்பதில்லை. எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். மறுநாளே தன் பனியனை மஞ்சள் தூளில் முக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னும் ஜெயிக்கவே இல்லையேப்பா. அதுக்குள்ள போட்டுக்கிட்டியே?"

"எவனும் போட்டிக்கே வர்ல சார். அதுவரிக்கும் நான்தானே மொதல்ல கீறேன்?"

போட்டிக்கும் ஆள் சேர்த்தார். ஒரு பால்காரர், பழவேற்காட்டு மீன்காரர் ஒருவர், நான். முதல் நாள் திருவள்ளூரிலிருந்து கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. இரண்டாம் நாள் எல்லை தாண்டித் தடா. மூன்றாம் நாள் சத்தியவேடு, ஊத்துக்கோட்டை வழியாக மறுபடி திருவள்ளூர். சாக்பீஸால் அவர் சுவரில் எழுதிவைத்த பெயர்: இன்டர்நேஷனல் ரேஸ்.

"ஆந்திராவும் நம்ம நாடுதான்யா" என்றேன்.

"இன்னா சார் நீ. அங்க பாஷ வேற, எழுத்து வேற, கொழம்புல காரமே வேற. ஃபாரினுக்கு இதுக்கு மேல இன்னா ஓணும்?"

ஊருக்கு ஊர் டீக்கடைக் கடிகாரங்கள் ஒத்துப்போகாததால், டீக்கடை முனுசாமி ஓர் அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முன்னால் போனார். அவர்தான் நடுவர். கும்மிடிப்பூண்டிக்கு வெளியே அது அலறியதில் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி அவரை இறக்கிவிட்டார். முனுசாமி வந்து சேரும் முன்பே நாங்கள் வந்துவிட்டோம். கணக்கு எழுத ஆளில்லாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு எங்கள் வாய்க்கணக்கையே அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் முடிவில் மஞ்சச் சொக்கா முதல், நான் இரண்டாவது. தடாவில் சிறுவர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். என் டைனமோவை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் பனியனை, வியர்வையில் கறை ஓடிய அந்தக் கந்தலை, நான் விரும்பிய அளவுக்கு வேறெதையும் விரும்பியதில்லை.

மூன்றாம் நாள் சத்தியவேடு முக்கூட்டில் காலை ஊன்றி நின்றார். பின்னால் வந்த என்னிடம் திரும்பி, தெலுங்குப் பலகையைக் காட்டி, "சார், இன்னா போட்டுக்குது?" என்றார்.

"ஊத்துக்கோட்டை இந்தப் பக்கம்" என்று காளஹஸ்தி ரோட்டைக் காட்டினேன். டயர் பார்க்கிறவன் போல நான் குனிந்துகொண்டேன். அவர் மறையும் வரை நிமிரவில்லை.

பந்தயத்தில் ஜெயித்தேன். அடுத்த நாள் சாயந்திரம் அவர் வந்தார், நெற்றி நிறையக் காளஹஸ்திக் கோயில் விபூதியோடு.

"சாமி இட்டுக்கினு பூட்ச்சி சார். இல்லாங்காட்டி எனுக்கு ஏன் வழி மாறணும்?" என்று எனக்கும் விபூதி பூசினார். பனியனைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "ஃபாரின்லயும் வழி மாறிப் போறவன் இருப்பான் சார். நீ ஷோக்கா ஓட்ன."

வீட்டில் அதைச் சோப்புப் போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாயிற்று. மனைவி பதறிப்போய்க் காட்டினாள். மஞ்சளுக்குச் சோப்புப் பட்டால் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானே வாளியில் போட்டுத் திரும்பத் திரும்ப அலசினேன். உலர்ந்ததும் அது பழையபடி மஞ்சளாயிற்று. நான்தான் பழையபடி ஆகவில்லை.

ஒரு மழைக்காலம் தாக்குப் பிடித்தேன். பிறகு பனியனை மடித்து எடுத்துக்கொண்டு அவரிடம் போய், தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கட்டின மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"காளஹஸ்தில ராவெல்லாம் கொசு சார்" என்றார் கடைசியில். பிறகு, "வழிய ரோட்ல நின்னுக்கினு சத்தமாதானே சொன்ன? இத மட்டும் ஏன் மெதுவா சொல்ற?"

முனுசாமி கடையில், என் மாணவர்களின் அப்பாக்கள் நாஷ்டா சாப்பிடும் வேளையில், சத்தமாகச் சொன்னேன். யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். பனியனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சும்மா குட்த்தா அது பழைய துணி சார். அத நானே வெலைக்கு எடுப்பேன். கடைசி நாள மறுபடி ஓட்டலாம் வா."

பனியனை முனுசாமியிடம் ஒப்படைத்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் தடாவிலிருந்து ஓட்டினோம். அதே முக்கூட்டில் அவர் நின்றார். "இன்னா போட்டுக்குது சார்?" சரியான வழியைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, சைக்கிளைச் சாத்திவிட்டு, வயலில் இறங்கி எருமை மேய்த்தவரிடம் போய் அதையே கேட்டுவிட்டு வந்தார். அப்படியும் நான் திருவள்ளூர் சேர்ந்தபோது, முனுசாமி கடையில் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாப்பிட்ட ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வர வர, எங்கள் தெருவில் வழி கேட்பவர்களும் பெருகினார்கள். அவரிடம் கேட்டால் எல்லோரையும் என்னிடம் அனுப்புவார்.

"அதோ, சார கேளு. மொத தபா தப்பா சொன்னாலும் ரெண்டாவது தபா கரெக்ட்டா சொல்வாரு."

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. இன்றும் யாராவது வழி கேட்டால், நான் இரண்டு தடவை சொல்கிறேன்.