அசைக்க முடியாத துறைத்தலைவர்

மூன்று சீட்டுகளையும் பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு ஓர் ஓட்டு விழுந்திருந்தது. அந்தக் கல்லூரியின் அரசியல் துறையில் இருப்பதே மூன்று பேர்தான். துறைத்தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார், அடுத்தவரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி முதல்வர் கைகழுவிவிட்டார்.

நம் வாத்தியாருக்கு மனசு ஆறவில்லை. மூவரில் மூத்தவர் அவர். பிரிட்டன், அமெரிக்கா ஆட்சிமுறைகளை ஒப்பிட்டு டாக்டர் பட்டம் வாங்கியவர்.

வீட்டில் மனைவி விடவில்லை. "ரெண்டு நாட்டு அரசாங்கத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்கீங்க, ஒரு நாற்காலியைப் பிடிக்கத் தெரியல. இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா என் தங்கச்சி வீட்டுல நான் தலைகாட்ட முடியாது."

மறுநாள் துறை அறையில் அறிவித்தார். "பிரிட்டன் முறையில போவோம். அங்க பிரதமரை ஜனங்க நேரா தேர்ந்தெடுக்கறதில்ல. எம்.பி.க்கள்ல மெஜாரிட்டி யார் பக்கமோ, அவர்தான்."

ஒருவராவது தன் பக்கம் வருவார் என்று நம்பினார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மற்ற இருவரான மீசைக்காரரும் கண்ணாடி அம்மாவும் கூட்டணி வைத்துக்கொண்டார்கள். மீசைக்காரர் தலைவர்! அன்று வாத்தியார் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீசைக்காரர் முதல்வரைப் பார்த்து நன்றி சொல்லப் போனார். திரும்பி வந்ததும் ராஜினாமா செய்துவிட்டார்.

"உடம்புக்கு முடியல சார். நீங்களே இருந்துடுங்க."

"ஆமா சார்," என்றார் கண்ணாடி அம்மா. "எனக்கும் வீட்டுல ஆயிரம் வேலை."

வாத்தியார் அப்போதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை.

"நீங்க போடற பிச்சை வேணாம். நாளைக்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம்னு கவுத்துடுவீங்க. அமெரிக்கா முறைதான் சரி. மாணவர்கள் ஓட்டுப் போடட்டும். எந்த வகுப்புல யார் முந்தறாங்களோ, அந்த வகுப்பு மொத்தமும் அவங்களுக்கு. ஜெயிச்சவரை நாலு வருஷம் யாரும் அசைக்கக் கூடாது!"

"அருமை!" என்றார் மீசைக்காரர்.

"நடுவுல ராஜினாமாவும் பண்ணக் கூடாதுன்னு சேர்த்துக்குங்க சார்," என்றார் கண்ணாடி அம்மா.

"அமெரிக்காவுல பண்ணலாமே?"

"நம்ம அமெரிக்கா இன்னும் உறுதியா இருக்கட்டும் சார்."

வாத்தியார் நெகிழ்ந்துபோய்ச் சேர்த்துக்கொண்டார். முதல்வரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இப்படி ஒரு பிரசாரத்தை எந்த நாடும் கண்டதில்லை. "எனக்கு ஓட்டுப் போட்டீங்கன்னா, பரீட்சை மார்க்குல கை வெச்சுடுவேன்," என்று மீசைக்காரர் வகுப்பு வகுப்பாக மிரட்டினார். கண்ணாடி அம்மா வாத்தியாருக்காகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்று வகுப்புகளும் வாத்தியாருக்கே விழுந்தன. மீசைக்காரர் கட்டிப்பிடித்தார், கண்ணாடி அம்மா அழுதேவிட்டார். எத்தனையோ வருஷ அவமானம் அன்றோடு தீர்ந்தது. வாத்தியார் தலைவர் நாற்காலியில் சாய்ந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"இனிமே என்னை யாராலும் அசைக்க முடியாது!"

கதவைத் தள்ளிக்கொண்டு பியூன் வந்தார்.

"கொஞ்சம் எழுந்திருங்க சார், நாற்காலியை எடுக்கணும். இந்தத் துறையையே மூடறாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் வரலாற்றுத் துறையில இடம் போட்டாச்சு, தலைவருக்கு மட்டும்தான் எங்கயும் இடம் இல்லையாம்."